வீட்டுக்குப் பின்னால் இரண்டு வெண்பன்றிகள்

பன்றி வாங்குவதற்கு முன்னால் தரையைப் போடுங்கள். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அளவு கொடுத்து முடித்ததும் பின்வாசல் வழியாகக் கொட்டிலை எட்டிப் பார்ப்பார்கள். "நானும் ரெண்டு குட்டி வாங்கலாம்னு இருக்கேன், என்ன தீனி போடணும்?" என்று கேட்பார்கள். தீனி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கஞ்சியும் தவிடும் இல்லாத வீடு எங்கள் பக்கம் கிடையாது, முதல் இரண்டு நாளை அதை வைத்தே ஓட்டிவிடலாம். நல்ல தரையும் ஓயாத தண்ணீரும் இல்லாவிட்டால் ஒரு நாளைக்கூட ஓட்ட முடியாது.

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில். வீட்டைச் சுற்றி முப்பது சென்ட் விளை. தென்னை, வாழை, ஒரு ஓரமாக மரச்சீனி, அதாவது மரவள்ளி. வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. விடியும் முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார், அதனால் காலை வேலை முழுக்க என் தலையில்தான். எங்கள் பக்கம் பன்றிக்கறி புதிது இல்லை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாண வீடு என்றால் தேங்காய்க் கொத்துப் போட்டு வறுத்த கறி பல வீடுகளில் உண்டு. என் மாமி (வீட்டுக்காரரின் அம்மா) சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்கள் வீட்டு விளையில் கறுப்புப் பன்றி நின்றிருக்கிறது. எங்கள் வீட்டில் இதுதான் முதல் தடவை. பசுவை விற்ற பிறகு தொழுவம் சும்மா கிடந்தது. மாமிதான், "மக்களே, சும்மா கெடக்குத எடத்துல ரெண்டு பன்னிக்குட்டி வாங்கிப் போடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்கள்.

தொழுவத்தின் தரை மண்தரை. பசுவுக்கு அது போதும், பன்றிக்கு ஆகாது. பன்றியின் மூக்கு நுனியில் தட்டையாக, வட்டமாக ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதை வைத்து மண்ணைக் கிளறுவதுதான் அதன் பிறவி வேலை. மண்தரையில் விட்டால் ஒரே வாரத்தில் குழி குழியாகப் பறித்துவிடும். ஆடி மாதச் சாரலில் அதெல்லாம் சேறாகி, மூத்திரமும் சேர்ந்து, அப்புறம் நாற்றத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதனால் சிமென்ட் தரை போட்டோம். கொத்தனார் பூசி முடித்து, கரண்டியால் வழவழவென்று இழுக்கப் போனார். மாமி விடவில்லை. வழுக்கினால் பன்றியின் கால் பிசகும், பிசகிய கால் லேசில் சரியாகாது. ஈரம் காயும் முன்பே ஈர்க்கு வாரியலால் குறுக்கே கோடு இழுத்து வைத்தோம். மூன்றடிக்கு ஒரு அங்குலம் சரிவு, சரிவின் முடிவில் ஓடை, ஓடையின் முடிவில் வாழைக்குப் பக்கத்தில் ஒரு குழி.

வளரும் பன்றி ஒன்றுக்கு பத்துப் பன்னிரண்டு சதுர அடி போதும் என்பார்கள். எங்களிடம் இடம் இருந்ததால் அதைவிடத் தாராளமாக விட்டோம். சுவர் நாலடி. கதவு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். பன்றி கதவைத் தள்ளாது, மூக்கைக் கீழே கொடுத்து மேலே தூக்கும். சாதாரணக் கீலில் மாட்டிய கதவு அப்படியே கழன்று கையோடு வந்துவிடும். மேல் கீலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் எவ்வளவு தூக்கினாலும் கழலாது. கூரைக்கு ஷீட், வெயிலுக்காக அதன் மேல் தென்னோலை. ஷீட்டை நாலு மூலையிலும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம். 2017 ஒக்கிப் புயலைப் பார்த்த பிறகு இந்த மாவட்டத்தில் யாரும் கூரையைச் சும்மா வைக்கமாட்டார்கள்.

குட்டிகள் வந்த சாயங்காலம் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மாமி முன்கூட்டியே சரிவின் கீழ்மூலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி நனைத்து வைத்திருந்தார்கள். மேல்பக்கம் காய்ந்த தரை, அதில் கொஞ்சம் வைக்கோல். குட்டிகள் இரண்டும் கோணியிலிருந்து இறங்கிச் சுவரோரமாக ஒரு சுற்று மோப்பம் பிடித்தன. வைக்கோலைக் கிளறின, தண்ணீர்க் குழாயை நக்கின. பிறகு பெட்டைக் குட்டி நேராக ஈர மூலைக்குப் போய், பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து வைத்துச் சாணம் போட்டது. கொஞ்ச நேரத்தில் ஆண் குட்டியும் அதே இடத்தில். இன்றைக்கு வரைக்கும் அந்த மூலைதான் அவற்றின் கக்கூஸ். படுக்கிற இடத்தில் ஒரு பொட்டுச் சாணம் பார்த்ததில்லை. பசு படுத்த இடத்திலேயே போட்டுவிட்டு அதிலேயே புரண்டு எழும், காலையில் மடியைக் கழுவித்தான் பால் கறக்க வேண்டும். பன்றியை அழுக்குப் பிராணி என்று சொல்கிறவர்கள் ஒரு சாயங்காலம் எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும்.

இது ஒரே ஒரு சமயத்தில் மாறும். வெயில் தாங்கவில்லை என்றால் பன்றி ஈரமூலையில் போய்ப் படுத்துவிடும், சாணத்தைக் காய்ந்த பக்கம் போடும். அப்படி இடம் மாறினால் அதற்குச் சூடு ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உடம்பு மேல் குற்றம் சொல்லக் கூடாது. நமக்கு வேர்க்கிற மாதிரி பன்றிக்கு வேர்க்காது. உடம்புச் சூட்டை இறக்க அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீர் கிடைக்காத இடத்தில் சேறு. ஊரில் சாக்கடையில் புரளும் பன்றியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம், அதற்கு அந்த வெயிலில் வேறு வழியே இல்லை. வெண்பன்றியின் தோல் வெயில் பட்டால் நம் பிள்ளைகளின் தோல் மாதிரியே சிவந்து உரியும். மாசியிலிருந்து வைகாசி வரை மத்தியானம் இரண்டு மூன்று தடவை ஹோஸ் வைத்து நனைக்கிறேன். மூச்சு ரொம்ப இரைத்தால் தலையில் படக்கென்று ஊற்றாமல் முதலில் காலையும் வயிற்றுப் பக்கத்தையும் நனைக்க வேண்டும்.

குடிக்கிற தண்ணீருக்குத் தொட்டி வைத்தால் அதற்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். அதனால் நிப்பிள் வைத்தோம், வாயால் கடித்தால் மட்டும் தண்ணீர் வரும். அதன் தோள் உயரத்துக்கு இருக்க வேண்டும், பன்றி வளர வளர உயர்த்திக் கட்ட வேண்டும். 50 கிலோப் பன்றி சாதாரண நாளில் ஐந்தாறு லிட்டர் குடிக்கும், வெயிலில் அதற்கும் மேலே. தண்ணீர் நின்றால் தீனி எடுப்பது அன்றைக்கே குறையும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கருவாடு கழுவிய தண்ணீர், ஊறுகாய் மிச்சம் மாதிரி உப்பானது வயிற்றுக்குள் போய், குடிக்கத் தண்ணீரும் இல்லாவிட்டால் உப்பு மூளையைத் தாக்கும். பன்றி கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், வலிப்பு வரும், செத்தும் போகும். ஆகவே எங்கள் கொட்டிலில் நிப்பிளில் தண்ணீர் வருகிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்த பிறகுதான் தீனி வாளி உள்ளே போகும்.

குட்டி வாங்கும்போது ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். பன்றி கூட்டமாக வாழும் பிராணி. தனியாக நின்றால் ஏங்கும், தீனியும் சரியாக எடுக்காது. நாங்கள் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை வாங்கினோம், பெட்டை ஒன்று, காயடித்த ஆண் ஒன்று. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் என்ற இனம். நீண்ட வெள்ளை உடம்பு, நிமிர்ந்த காது. காது முகத்தின் மேல் விழுந்து கிடந்தால் அது லேண்ட்ரேஸ் வகை. சென்னைக்குப் பக்கத்தில் காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் வெண்பன்றி வளர்க்கிறார்கள், அங்கே பயிற்சியும் கொடுக்கிறார்கள். நாங்கள் பக்கத்து ஊர்ப் பண்ணையில்தான் வாங்கினோம், இரண்டு மாதக் குட்டி, ஒவ்வொன்றும் பத்துக் கிலோ சொச்சம்.

விற்கிறவரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால் இரும்புச்சத்து ஊசி போட்டாரா என்று கேளுங்கள். குட்டி பிறக்கும்போது அதன் உடம்பில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். தினமும் ஏழு மில்லிகிராம் அளவுக்குத் தேவைப்படும், தாய்ப்பாலில் ஒரு மில்லிகிராம்தான் கிடைக்கும். மண்ணைக் கிளறித் திரிகிற குட்டி மீதியை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் பிறந்த குட்டிக்கு அந்த வழி இல்லை. அதனால் மூன்றாம் நாள், நாலாம் நாள் ஊசி போட்டே ஆக வேண்டும். போடாத குட்டி வெளிறிப்போய், ரோமம் சிலிர்த்துக்கொண்டு, வளராமல் நிற்கும். காதைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், உள்பக்கம் ரோஸ் நிறமாக இருக்க வேண்டும். ஆண் குட்டிக்கு எந்த வயதில் காயடித்தார் என்றும் கேட்க வேண்டும். மூன்று நாலு வாரத்துக்குள் செய்தால் குட்டிக்கு வேதனை குறைவு. செய்யாமல் விட்டால் வளர்ந்த பிறகு கறியில் ஒரு வீச்சம் வரும், யாரும் வாங்கமாட்டார்கள்.

குட்டிகள் வந்த வாரமே குடற்புழு மருந்து கொடுத்தோம். பன்றிக் காய்ச்சலுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசியை அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா வந்து போட்டார்கள். 2009இல் உலகம் முழுக்க மனிதர்களுக்குப் பரவியதே, அந்தக் காய்ச்சல் வேறு. பன்றிகளின் இந்தக் காய்ச்சல் நமக்கு ஒட்டாது. இதைப் பக்கத்து வீட்டு மயினிக்கு நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, கேட்டதில் தப்பில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு. இதுவும் மனிதருக்கு வராது, ஆனால் கொட்டிலுக்குள் நுழைந்தால் கொட்டிலே காலி. இங்கே அதற்குப் போடுவதற்குத் தடுப்பூசி கிடையாது. 2020இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் முதலில் தெரிந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்து, அங்கே நோய் வந்த பண்ணைகளில் இருந்த பன்றிகளையெல்லாம் கொன்று புதைத்தார்கள். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. எங்களுக்குக் களியக்காவிளை தாண்டினால் கேரளம், அதனால் இதெல்லாம் தூரத்துச் செய்தியாகப் படவில்லை. அந்தக் கிருமி கறியில் உயிரோடு இருக்கும். நோய் வந்த பன்றியின் கறி ஒரு ஓட்டலுக்குப் போய், அந்த ஓட்டல் மிச்சம் இன்னொரு பன்றிக்குத் தீனியாகப் போனால் முடிந்தது. ஓட்டல் மிச்சத்தை வாளிக்கு இவ்வளவு என்று மலிவாகத் தருவதற்கு ஆள் வந்தார். நான் வேண்டாம் என்றுவிட்டேன். கட்டாயம் அதைத்தான் போட வேண்டும் என்கிற நிலையில் இருப்பவர்கள் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிப் போட வேண்டும், வேறு பேச்சே இல்லை. வேறு பண்ணைக்குப் போய்வந்த யாரையும் நாங்கள் கொட்டிலுக்குள் விடுவதில்லை. உள்ளே போக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தனியாக இருக்கிறது, வாசலில் சுண்ணாம்புத் தூள் போட்டிருக்கிறோம். வியாபாரியும் சுவருக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும்.

தீனிக்கு வருகிறேன். கலவையில் பாதி மக்காச்சோளம், ஐந்தில் ஒரு பங்கு புண்ணாக்கு, மீதி தவிடும் கொஞ்சம் மீன்தூளும், 100 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ தாது உப்பு. எங்கள் ஊர் ஈரத்தில் சோளமும் புண்ணாக்கும் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், அதனால் பதினைந்து நாளைக்கு வேண்டியதைத்தான் வாங்குவோம். முகர்ந்து பார்த்து மக்கிய வாடை வந்தால் தூர எறிந்துவிடுவோம். அந்தப் பூசணத்தின் விஷம் ஈரலைக் கெடுக்கும். இது போக விளையில் கிடைப்பதெல்லாம் உண்டு. சீனிக்கிழங்குக் கொடி, வாழைத்தண்டு, பழுத்து விழுந்த சக்கை, அதாவது பலாப்பழம். சேம்பிலை நாக்கை அரிக்கும், வேகவைத்துத்தான். மரச்சீனித் தோலைப் பச்சையாகப் போடவே கூடாது. அதில் சயனைடு விஷம் உண்டு, கசப்பு வகையில் இன்னும் அதிகம். நறுக்கி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும், அல்லது வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொட்ட வேண்டும். தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்கா தலையும் செதிலும் சும்மா தருவார்கள். அதையும் வேகவைத்துப் போடுகிறேன், ஆனால் விற்பதற்கு ஒரு மாதம் முன்னால் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கொழுப்பில் மீன் வாடை ஏறிவிடும்.

எடை பார்க்க எங்களிடம் தராசு இல்லை, தையல் டேப் இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளக்க வேண்டும். பிறகு இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 400ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 38, நீளம் 40 என்றால் 65 கிலோ சொச்சம். அளக்கும்போது அது நேராக நிற்க வேண்டும், தலை குனிந்திருக்கக் கூடாது. ஆண் பன்றி தீனி வைத்தால்தான் நிற்கும். பெட்டைக்குக் காதுக்குப் பின்னால் சொறிந்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு, தொண்டைக்குள் தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டு, என் முழங்காலில் உடம்பைச் சாய்த்துக்கொள்ளும். வெள்ளை ரோமம் முரடாகத்தான் இருக்கும், அடியில் தோல் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த நேரத்திலேயே காதுமடலைப் புரட்டிச் சொறி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். சொறி அங்கேதான் ஆரம்பிக்கும்.

என் தையல் மெஷின் சத்தம் நிற்பதை இரண்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. மத்தியானம் நான் மெஷினை நிறுத்தினால் ஹோஸ் எடுப்பேன் என்று எப்படியோ தெரிந்து வைத்திருக்கின்றன. நூல் மாற்ற நிறுத்தினால் சத்தம் போடுவதில்லை, நாற்காலி நகர்ந்த பிறகுதான் குரல் கொடுக்கும். இவ்வளவு புத்தி உள்ள பிராணியை வெறும் சிமென்ட் தொட்டியில் அடைத்துவைத்தால் சலித்துப்போய் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும். தேங்காய் மட்டையும் வாழைத்தண்டும் உள்ளே போட்டுவைக்கிறோம். பிய்த்துப் போடுவதே அதற்குப் பெரிய சந்தோஷம்.

நாற்றம் உண்டா என்று கேட்டால், உண்டு. காலையும் மாலையும் கழுவினால் வேலிக்கு வெளியே போகாது, ஒரு நேரம் விட்டாலும் போகும். அதிலும் சாணத்தைவிடத் தொட்டியில் ஊறிப் புளித்த மிச்சத் தீனிதான் மோசம். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். சாணத்தைக் குழியில் சருகோடு அடுக்கி, மக்கவைத்து வாழைக்குப் போடுகிறோம். மட்டி வாழைக் குலை இந்த வருடம் நன்றாக இறங்கியிருக்கிறது. நாடாப்புழு பற்றி மயினி கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். மனிதக் கழிவைத் தின்கிற பன்றிக்குத்தான் அது வரும். கொட்டிலில் நிற்பதற்கு அந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு, இருந்தாலும் கறியை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஆண் பன்றியை ஈஸ்டருக்கு முன்னால் கொடுத்தோம், 90 கிலோவைத் தாண்டியிருந்தது. கறிக்காகத்தான் வளர்த்தோம், அதில் எனக்கு உறுத்தல் இல்லை. ஆனால் கொண்டுபோகிற விதத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு காலையும் சேர்த்துக் கட்டி, தலைகீழாகக் கம்பில் தொங்கவிட்டோ பைக்கின் குறுக்கே போட்டோ கொண்டுபோவது இங்கே வழக்கம். வெயிலில் அப்படிக் கிடக்கும் பன்றி வழியிலேயே மூச்சுத்திணறிச் சாகும். சாகாவிட்டாலும் அது படுகிற பாடு கொடுமை. வியாபாரியிடம் விலை பேசும்போதே சொல்லிவிட்டேன், கூண்டு வைத்த வண்டியில் விடியும் முன்னால் வந்தால்தான் தருவேன் என்று. கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், சரி என்றேன். முந்தின ராத்திரி தீனி வைக்கவில்லை, தண்ணீர் மட்டும். பலகை சாய்த்து வைத்தோம், மாமி முன்னால் வாளியை ஆட்டிக்கொண்டு போனார்கள், அது தானாக நடந்து ஏறியது. இப்படிச் செய்ய முடியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், முடியும்.

பெட்டை தனியாக நின்று ஏங்கக் கூடாது என்று ஆணைக் கொடுக்கும் முன்னாலேயே இன்னொரு பெட்டைக் குட்டி வாங்கிவிட்டோம். பெரியதை விற்கப்போவதில்லை. அதற்கு 21 நாளுக்கு ஒருமுறை சூடு, அதாவது இணை சேரும் பருவம், வருகிறது. அந்த நாளில் இடுப்பின் மேல் கையை ஊன்றி அழுத்தினால் நகராமல் காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். அடுத்த சூட்டில் பண்ணைக்காரரின் கிடாய்ப் பன்றியோடு சேர்க்கலாம் என்றிருக்கிறோம், அங்கே நோய் எதுவும் இல்லை என்று டாக்டரம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான். சினை நின்றால் 114 நாள். தாய் படுக்கும்போது சுவருக்கும் அதன் உடம்புக்கும் நடுவில் குட்டி நசுங்காமல் இருக்க, சுவரோரமாகத் தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் இரும்புப் பைப் பதிக்க வேண்டும், பைப்புக்குப் பின்னால் குட்டி நுழைந்துகொள்ளும். பைப் வாங்கி வந்தாயிற்று. கொத்தனார் திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், தரையில் புதிதாகப் பூசும் இடத்திலும் வாரியல் கோடு இழுக்க வேண்டும் என்று மாமி இப்போதே சொல்லி வைத்துவிட்டார்கள்.